பாவுக்கடியில் நடாத கல்

இந்த மாதம் மட்டும் மூன்று பேர் போன் செய்து என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருத்தியின் வீட்டுக்காரருக்கு ஜெர்மனிக்கு மாற்றல். இன்னொருத்திக்கு துபாய். மூன்றாவது ஆள் ஒரு தம்பி, அவன் மனைவியைக் கம்பெனி சிங்கப்பூருக்கு அனுப்புகிறது. மூவரும் நான் வேலை பார்த்த நில அளவைத் துறையில் இருப்பவர்கள். வேலையை விடாமல் கூடப் போய்விட்டு வர முடியுமா, நீங்கள் போனீர்களாமே என்று கேட்கிறார்கள். ஒரே பதிலை மூன்று தடவை சொல்லும் பொறுமை எனக்குச் சர்வீஸிலேயே கிடையாது. ஓய்வு பெற்ற பிறகா வரப்போகிறது? எழுதிவிடுகிறேன், படித்துக்கொள்ளட்டும்.

போக முடியும். நான் போனேன். மூன்று வருஷம் மனைவியோடு மொரீஷியஸில் இருந்துவிட்டு வந்து அதே வேலையில் சேர்ந்தேன், முழு சர்வீஸும் பார்த்து முடித்தேன். நடுவில் ஒரு முறை வேலை போயிருக்க வேண்டியது. அதற்கு வெளிநாடு காரணமில்லை. கிளம்புகிற அவசரத்தில் நான் எழுதிய ஒரே ஒரு வரிதான் காரணம்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயர் ஏழுமலை. ஊர் முசரவாக்கம். என் அப்பா வாழ்நாளெல்லாம் அடுத்தவர் நிலத்தில் வரப்புக்கு அண்டை வெட்டியவர், சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. அவர் மகன் சங்கிலியும் கையுமாகப் போய் ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து, இது உன்னுடையது, அது அவனுடையது என்று சொல்கிற வேலைக்கு வந்தான். எங்கள் வகையறாவில் முதல் சர்க்கார் சம்பளம். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வெயிலில் காய்ந்தோம், சங்கிலி பிடித்தோம், பாம்பைப் பார்த்து ஓடினோம், அவ்வளவுதான்.

மனைவி மஞ்சுளா ஒரு வங்கியில் அதிகாரி. அவளை மூன்று வருஷத்துக்கு மொரீஷியஸ் கிளைக்கு அனுப்புவதாகக் கடிதம் வந்தபோது எங்கள் மகள் கயலுக்கு ஐந்து வயது. மஞ்சுளாவுக்குக் கீழே இருந்தவர்களெல்லாம் ஏற்கெனவே வெளிநாடு போய்வந்து மேலே ஏறிவிட்டார்கள். குழந்தை சின்னது என்று இவள் ஒரு தடவை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். இரண்டாம் தடவையும் மறுத்தால் மூன்றாம் தடவை கேட்க மாட்டார்கள். நானே போகச் சொன்னேன். கூட வருகிறேன் என்றும் சொன்னேன்.

அலுவலகத்தில் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். மனைவிமார்கள் புருஷன் பின்னால் போக லீவு கேட்டதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள், புருஷன் கேட்டுப் பார்த்ததில்லை. விண்ணப்பப் படிவத்தில் ‘கணவர் பணிபுரியும் நாடு’ என்று அச்சாகியிருந்தது. அதில் கணவரை அடித்துவிட்டு மனைவி என்று எழுதி, அடித்ததற்குப் பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டேன். என் அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சர்க்கார் வேலையோடு ஒருத்தன் விளையாடுவானா என்பது அவள் கட்சி.

படிக்கிறவர்களுக்காக நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். கிடைப்பது சம்பளமில்லாத விடுப்பு. எங்கள் காலத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை நீட்டிக்க வேண்டும். நீட்டிப்பு மனுவை முடிகிற நாளில் கொடுக்காதீர்கள், மூன்று மாதம் முன்னாலேயே கொடுங்கள். அங்கே போய் ஒரு ரூபாய் சம்பளம் வாங்கினாலும் இங்கே சர்வீஸ் போச்சு. மொரீஷியஸில் ஒரு கரும்புத் தோட்டக்காரர், மூன்று தலைமுறைக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்து போனவர், நான் சர்வேயர் என்று தெரிந்ததும் வீடு தேடி வந்து வேலை கொடுத்தார். டீ கொடுத்து அனுப்பினேன். காலையில் கயலைப் பள்ளிக்கூட வண்டியில் ஏற்றுவது, மீன் வாங்குவது, குழம்பு வைப்பது, சாயந்திரம் மஞ்சுளா வந்ததும் அவள் மேலதிகாரியைப் பற்றிய புலம்பலைக் கேட்பது, இதுதான் என் உத்தியோகம். நன்றாகவே பார்த்தேன். என் மீன் குழம்புக்கு அந்த வங்கிக் கிளையில் இன்றைக்கும் பெயர் உண்டு.

இனி அந்த வரி.

விடுப்பில் போகிறவர் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். சங்கிலி, குறுக்குக்கோல், புலப்படங்கள், கோப்புகள் எல்லாம் பட்டியல் போட்டு அடுத்த ஆளிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். என் கையில் அப்போது ஏழு கோப்புகள் நிலுவை. டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பத்து நாள் இருக்கிறது. நிலுவையோடு போனால் எங்கள் உதவி இயக்குநர் தணிகாசலம் சார் என்னை விடுவிக்க மாட்டார் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். ஆறு கோப்பை ஓடி ஓடி முடித்தேன். ஏழாவது காஞ்சிபுரத்தை ஒட்டிய ஒரு நெசவாளர் தெருவில் இருந்தது. அலுவலகம் எது, தெரு எது என்று எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பெருமாள் என்ற நெசவாளர். அவருக்குப் பக்கத்து மனையை வாங்கியவர் கோதண்டம், ரிட்டயர்டு கண்டக்டர், மகளுக்காக அங்கே வீடு கட்ட நினைத்தவர். அளந்து பார்த்ததில் பெருமாளின் தறிக்கூடம் ஒன்றரை அடி கோதண்டத்தின் மனைக்குள் போயிருந்தது. பெரிய கட்டடம் ஒன்றுமில்லை, அந்தப் பக்கம் வெறும் தகரத் தடுப்புதான். பெருமாளும் சண்டைக்கு நிற்கவில்லை, தகரத்தைக் கழற்றி உள்ளே தள்ளி வைத்துக்கொள்கிறேன் என்று உடனே ஒத்துக்கொண்டார். சிக்கல் வேறு. எல்லைக் கல் நட வேண்டிய இடம், தறியில் நீளமாக இழுத்துக் கட்டியிருந்த பாவுக்கு நேர் கீழே விழுந்தது. பட்டு இழை ஆயிரக்கணக்கில் விறைப்பாக நிற்கிறது, அதற்கடியில் கடப்பாரை போட்டுக் குழி தோண்ட முடியுமா? மண் தெறித்தால் பட்டு போச்சு, கம்பி பட்டால் பாவே போச்சு. மூன்று புடவைக்கான பாவு, கல்யாணத்துக்குச் சொல்லி நெய்வது.

பாவு தீர்ந்ததும் நட்டுக்கொள்ளலாம் என்று பெருமாள் கேட்டார். கோதண்டம் மறு பேச்சில்லாமல் சரி என்றார். காஞ்சிபுரத்துப் பக்கம் பிறந்தவன் எவனும் ஓடுகிற தறியை நிறுத்தச் சொல்ல மாட்டான். நெசவாளியாக இருக்க வேண்டிய அவசியமில்லை, அது எங்கள் எல்லோருக்கும் ஊறிப்போனது. எனக்கும்தான். சரி என்றேன். அங்கேதான் பிசகினேன். என்ன எழுதியிருக்க வேண்டும் தெரியுமா? ‘கல் நட வேண்டிய இடத்தில் தறி ஓடுவதால் நட இயலவில்லை’ என்று எழுதி, அந்தப் புள்ளி இரண்டு நிலையான இடங்களிலிருந்து எத்தனை அடியில் இருக்கிறது என்று குறித்து, கோப்பை நிலுவை என்று அடுத்த ஆளிடம் கொடுத்திருக்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. நான் ‘கல் நடப்பட்டது’ என்று எழுதினேன். பெருமாள், கோதண்டம், கிராம நிர்வாக அலுவலர் மூன்று பேரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். கல்லைப் பெருமாள் வீட்டுக் குழாயடியில் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன். ஏழு கோப்பும் முடிந்தது, விமானம் ஏறினேன்.

பத்து மாதம் கழித்து, நீட்டிப்பு மனு அனுப்பி அது வரும் வரும் என்று காத்திருந்த நேரத்தில், மெயிலில் குறிப்பாணை வந்தது. கோதண்டம் வீடு கட்ட ஆள் கூட்டி வந்து பார்த்திருக்கிறார். கல் இல்லை. குழாயடியில் கிடந்த கல்லின்மேல் பெருமாளின் மனைவி துணி துவைத்துக்கொண்டிருந்தாராம். பாவு தீர்ந்ததுமே நட்டிருப்பார்கள் என்று நம்பியிருந்த கோதண்டம் நேரே கலெக்டரிடம் மனு கொடுத்துவிட்டார். நடாத கல்லை நட்டதாக எழுதி, பெருமாளிடம் கையூட்டு வாங்கிக்கொண்டு சர்வேயர் வெளிநாடு ஓடிவிட்டார் என்று. பதினைந்து நாளில் நேரில் வந்து விளக்கம் தராவிட்டால் பணிநீக்க நடவடிக்கை என்று கடைசி வரி சொன்னது.  அரசுப் பதிவேட்டில் பொய் எழுதியவனை வீட்டுக்கு அனுப்ப வேறு காரணமே வேண்டியதில்லை.

மஞ்சுளா இரண்டு முறை படித்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை.

“நான் பேங்குக்கு எழுதிட்டு ஊருக்கே வந்துடறேன்” என்றாள்.

வேண்டாம் என்றேன்.

“இல்லங்க. உங்க வேலை போச்சுன்னா அது நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து உக்காந்துக்கும். என்னாலதான் போச்சுன்னு நீங்க ஒரு நாளும் சொல்ல மாட்டீங்க. நான் நெனச்சிக்கினே இருப்பேன்.”

நான் போய்ப் பேசிவிட்டு வருகிறேன், அதுவரை பேங்குக்கு எழுதாதே என்றேன். மூன்றாம் நாள் நான் மட்டும் கிளம்பினேன். கயல் விமான நிலையத்தில் என் பையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மஞ்சுளாதான் அவள் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

வந்ததும் அலுவலகத்தில் வரைவாளர் சம்பத் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக்கொண்டு போனான். நல்ல நண்பன், இன்றும் நண்பன்தான். தப்பிக்க வழி அவன் கையில் தயாராக இருந்தது. கல்லை நட்டோம், நாங்கள் போன பிறகு பெருமாள் பிடுங்கிப் போட்டுவிட்டார் என்று எழுதிக் கொடுத்துவிடு என்றான். “அவங்க மூணு பேரு கையெழுத்தும் இருக்குதுப்பா. உன்ன எவனும் அசைக்க முடியாது.” உண்மைதான். எல்லைக் கல்லைப் பிடுங்குவது போலீஸ் கேஸ். என் கையில் பதிவேடு இருக்கிறது, பெருமாள் கையில் என்ன இருக்கிறது? சத்தியமாகச் சொல்கிறேன், அன்று இரவு படுக்கும்போது அப்படித்தான் எழுதுவது என்று முடிவு செய்திருந்தேன். எனக்கு ஒரு குடும்பம் இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

எழுதுவதற்கு முன் கல் கிடக்கும் இடத்தைப் பார்த்துவிடலாம் என்று மறுநாள் காலை அந்தத் தெருவுக்குப் போனேன். பெருமாள் தறியிலிருந்து எழுந்து வந்து வாய் நிறைய வாங்க என்றார். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவர் மனைவி காபி கொண்டுவந்தார். நான் கல்லைப் பார்த்தேன். பெருமாளும் பார்த்தார்.

“பாவு தீந்த அன்னிக்கே ஆபீசுக்கு வந்தேன் சார். கல்லு நட்டாச்சுன்னு பொஸ்தகத்துல இருக்குது, போய்யான்னு புதுசா வந்த சார் தொரத்திட்டாரு. அடுத்த பாவு தீந்தப்பவும் வந்தேன். அப்பவும் அதேதான் சொன்னாரு. நடலன்னு நான் இன்னும் கத்தி இருக்கலாம் சார். கத்தினா உங்களுக்கு இல்ல கெட்ட பேரு? அதான் வாய மூடிக்கினு வந்துட்டேன்.”

காபியைக் கீழே வைத்தேன். இந்த மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஒரு நாள் கூலியை விட்டு இரண்டு தடவை வந்திருக்கிறார். நான் எழுதிய வரிதான் அவரை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறது. அதற்குப் பிறகும் என் பெயரைக் காப்பாற்றியிருக்கிறார். இவரைப் போலீஸில் கோர்த்துவிடத்தான் நான் ராத்திரி முடிவு செய்திருந்தேன். வெட்கமாக இருந்தது. வேறு நல்ல வார்த்தை போட்டு மெழுக விருப்பமில்லை, வெட்கம்தான். அடுத்த பாவு எப்போது தீரும் என்று கேட்டேன். புதன்கிழமை மதியம் என்றார். பழைய பாவு தீர்ந்து புதுப் பாவை இழுத்துக் கட்டுவதற்குள் அரை நாள் தறிக்கு முன்னால் தரை காலியாக இருக்கும், அதற்குள் நட்டுவிடலாம் என்றார்.

தணிகாசலம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. தாள்களை ஜன்னலோரம் நின்றுகொண்டே படிப்பார், அதுவும் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் வருவார். குண்டூசி குத்திய தாளைத் தொட மாட்டார், நூல் கோர்த்திருக்க வேண்டும். நாம் பேசி முடித்ததும் ‘அப்புறம்?’ என்பார். வேறெதுவும் கேட்க மாட்டார். மனுஷன் அந்த ஒரு சொல்லை வைத்தே எத்தனையோ பேர் வாயிலிருந்து எதையெதையோ பிடுங்கியிருக்கிறார். பயந்தவன் உளறுவான், திருடன் மேலும் ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொள்வான்.

நான் போய் நின்று, கல் நடப்படவில்லை என்று சொன்னேன்.

“அப்புறம்?”

நட்டதாக எழுதியது நான்தான், பெருமாள்மேல் தப்பில்லை, காசு யாரும் கொடுக்கவில்லை, நானும் வாங்கவில்லை என்றேன்.

“அப்புறம்?”

பெருமாள் இரண்டு தடவை இதே அலுவலகத்துக்கு வந்து திரும்பிப் போனதைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் அப்புறம் கேட்கவில்லை. ஜன்னலைவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“நிலுவைன்னு எழுதி இருந்தா உன்ன அனுப்பி இருக்க மாட்டேன்னு நெனச்சியா?”

“ஆமா சார்.”

“அனுப்பி இருப்பேன்” என்றார்.

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சொன்னதையெல்லாம் அப்படியே எழுதிக் கொடுக்கச் சொன்னார். அவர் மேஜையிலேயே எழுதி, நூல் கோர்த்துக் கொடுத்தேன். சம்பத் வெளியே தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

புதன்கிழமை மதியம் எல்லோரும் பெருமாள் வீட்டில் கூடினோம். சார் ஜீப்பில் வந்தார். நடந்ததைக் கோதண்டத்திடம் சாரே விளக்கினார். கோதண்டத்துக்கு என்மேல் இருந்த கோபம் அடங்கவில்லை, நியாயம்தான், ஆனாலும் டேப்பின் மறுமுனையை அவரே பிடித்தார். பெருமாளும் அவர் மனைவியும் பாவு கட்டும் கம்பத்தைத் தள்ளி நட்டு, தகரத்தைக் கழற்றி ஒன்றரை அடி உள்ளே வைத்தார்கள். அளந்து, குறித்து, தோண்டி, கல்லை இறக்கி, சுற்றிலும் மண்ணை நானே இடித்தேன். அலுவலக உதவியாளர் கடப்பாரையைக் கேட்டார், கொடுக்கவில்லை. முடிந்ததும் சார் புதிய பதிவை நீட்டினார். கோதண்டம் அதை மூன்று தடவை படித்தார்.

“இந்த வாட்டி கல்லு மேல ஏறி நின்னுக்கினுதான் சார் கையெழுத்து போடுவேன்” என்றார். சொன்னபடியே நின்று போட்டார். பெருமாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு எல்லோருக்கும். அன்று சாயந்திரமே புதுப் பாவு ஏறியது.

வெள்ளிக்கிழமை சார் கூப்பிட்டனுப்பினார். போனேன். ஓர் உத்தரவைக் கையில் கொடுத்தார். உண்மைக்குப் புறம்பாகப் பதிவு செய்ததற்காக எனக்கு ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம். கோபம் வந்தது. பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன், வலிய வந்து உண்மையைச் சொன்னதற்கு இதுவா என்று தோன்றியது. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“கோவமா?” என்றார்.

“ஆமா சார்” என்றேன். அவரிடம் போய் மறைக்க முடியுமா?

“உன்மேல ஒரு கேசு நிலுவையில இருந்தா லீவு நீட்டிப்புல நான் கை வைக்க முடியாது. விசாரணைன்னு போனா ரெண்டு வருசம் இழுக்கும். எச்சரிச்சு விட்டுட்டா, பத்தாதுன்னு யாராச்சும் மேல இருந்து திரும்பத் தோண்டுவாங்க. தண்டன குடுத்தாச்சு, கேசு முடிஞ்சிது. நாளைக்கு வா.”

சனிக்கிழமை அலுவலகத்துக்கு விடுமுறை. அவர் எனக்காக வந்தார். நீட்டிப்பு மனுவை ஜன்னலோரம் நின்று கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார், பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டார், தபால் பதிவேட்டிலும் அவரே ஏற்றினார். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், விமானத்துக்கு நேரமாகிறது போ என்றார். அன்று விமானம் எதுவும் இல்லை, அடுத்த வாரம்தான். அதைச் சொல்லாமல் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். மேலிடத்து ஒப்புதல் ஐந்தாம் நாள் வந்தது. பத்தாம் நாள் கயலைப் பள்ளிக்கூட வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

என்னிடம் கேட்ட மூன்று பேருக்கும் இவ்வளவுதான் பதில். தைரியமாகப் போங்கள். நிலுவையை நிலுவை என்று எழுதிவிட்டுப் போங்கள்.

சென்ற வருஷம் நான் ஓய்வு பெறுகிற வாரத்தில், ஓய்வூதியக் கணக்குக்காக என் பணிப்பதிவேட்டைச் சரிபார்க்க ஓர் இளநிலை உதவியாளர் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார், பாவம், சொல்லத் தயங்கினார்.

“மொத்த சர்வீசும் சுத்தமா இருக்குது சார். இந்த ஒரு தண்டன மட்டும் இல்லாம இருந்திருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்.”

நான் பதிவேட்டை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஊதிய உயர்வு நிறுத்தம், அதற்கு நேர் கீழே விடுப்பு நீட்டிப்பு.

“அந்த வரி இல்லன்னா அதுக்குக் கீழ இருக்குற வரி இல்லப்பா” என்றேன்.